டார்ச் அக்கா கழுவிய தியேட்டர்

டார்ச் அக்காவைத் தெரியாதவர்கள் அந்தக் கடைவீதியில் இல்லை. படம் ஆரம்பித்த பிறகு தட்டுத் தடுமாறி உள்ளே வருகிறவர்களின் காலடியில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, நாற்காலி வரை கொண்டுபோய் விடுவது அவள் வேலை. கல்யாணமாகாத பெண்ணாக அந்தத் தியேட்டரில் சேர்ந்தவள், மாடியில் படம் ஓட்டுகிற ஆபரேட்டரையே கட்டிக்கொண்டாள். கீழே நின்று டார்ச் அடித்தே மேலே இருந்தவனைப் பிடித்துவிட்டாள் என்று எல்லோரும் கேலி பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரின் தங்கை. அவளே பிறகு நாத்தனார் ஆகிவிட்டதால், அந்தக் கேலி வீட்டுக்குள்ளும் குடிவந்துவிட்டது.

வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாடிக் கழிவறையைக் கழுவுகிற ஆள் வராமல் போன ஒரு மத்தியானம்தான் எல்லாம் மாறியது.

காட்சிக்கு நேரமாகிவிட்டது. கூட்டம் வாசலில் நிற்கிறது. நாமே கழுவிவிடலாம் என்று டார்ச் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். மூலையில் ஆசிட் பாட்டில் இருந்தது. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் டப்பாவும் இருந்தது. ஒன்றைப் போட்டால் பாதி அழுக்குப் போகும், இரண்டையும் போட்டால் முழு அழுக்கும் போகும் என்பது அவள் நினைப்பு. இரண்டையும் கொட்டினாள். தரையிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஏதோ புகைந்தது. தொண்டையை யாரோ கையால் பிடித்து நெரித்த மாதிரி இருந்தது. கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

ஆபரேட்டரின் அறை அதற்கு அடுத்ததுதான். இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்தவர், உள்ளே பாய்ந்து அவளைத் தூக்காத குறையாக வெளியே இழுத்துப் போட்டார். அவள் இருமித் துப்பி, முகம் கழுவி, சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவரால் முடியவில்லை. இளவயதிலிருந்தே படம் ஓட்டுகிற பழைய கருவிகளின் புகையைக் குடித்துக் குடித்து நொந்துபோயிருந்த நெஞ்சு அது. படியிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்த பிறகு டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த இரண்டையும் சேர்த்தால் வருவது விஷவாயு என்றார். நுரையீரல் மெதுவாகத் தேறும், ஆனால் நெடிமிக்க எந்த வாசனை பட்டாலும் இனி மூச்சு இழுக்கும், இன்ஹேலர் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்று சொன்னார். டார்ச் அக்கா தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்:

"அப்போ வீட்டை எதை வெச்சும்மா கழுவுறது?"

"சோப்பு, தண்ணி, தெறந்து வெச்ச ஜன்னல். முக்கால்வாசி அழுக்குக்கு இது போதும்."

ஆபரேட்டர் வீடு திரும்பினார். அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவர் தூங்கும்போது வருகிற அந்த விசில் மாதிரியான மூச்சைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வீட்டிலிருந்த நெடி பிடித்த பாட்டில்களையெல்லாம் பை பையாகக் கட்டி வெளியேற்றினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி துடைத்துவிட்டது போல் காலியானது.

டாக்டரம்மா சொன்ன முக்கால்வாசி சரிதான். மிச்சக் கால்வாசிதான் அவளைப் படுத்தியது. குழாயில் படிந்த உப்புக்கறை சோப்புக்கு அசையவில்லை. அடுப்புக்குப் பின்னால் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு, "நீ யார், என்னைக் கிளப்ப?" என்பது போல உட்கார்ந்திருந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கணவரைக் கூட்டிப்போனபோது, காத்திருக்கும் இடத்தில் கிடந்த ஒரு பத்திரிகையைப் புரட்டினாள். ஆரஞ்சுத் தோலை வினிகரில் ஊறவைத்து வடிகட்டினால் பிசுக்கும் கறையும் போகும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். தியேட்டர் கேன்டீனில் தினம் ஜூஸ் பிழிந்து மூட்டை மூட்டையாகத் தோலை வெளியே கொட்டுவது அவள் கண்முன்னால் வந்து நின்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

தோலைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றதும் கேன்டீன்காரர் சந்தேகப்பட்டார்; மாடு வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார். அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

முதல் சரக்கு பிரமாதமாக வந்தது. தேன் நிறத்தில் தெளிந்து நின்ற அந்தத் தண்ணீரைத் துணியில் நனைத்துத் தேய்த்ததும் குழாய் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆனது. கூடவே பேராசையும் வந்தது. கடை வினிகர் எதற்கு, தோலும் சர்க்கரையும் தண்ணீரும் போட்டு நாமே புளிக்கவைத்துவிடலாமே என்று ஒரு பெரிய பாட்டிலை நிரப்பினாள். காற்றுப் புகக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மூடியை முழு பலத்தோடு இறுக்கி அலமாரியில் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாட்டில் வெடித்தது. அலமாரிக் கதவு பறந்து வந்து தரையில் விழுந்தது. கேஸ் சிலிண்டர்தான் போய்விட்டது என்று நாத்தனார் சாப்பாட்டுத் தட்டோடு தெருவுக்கு ஓடினாள். சுவர், கூரை, காலண்டர், ஆபரேட்டரின் வழுக்கைத் தலை என்று எல்லா இடத்திலும் ஆரஞ்சுத் தோல். அவர் தலையில் ஒட்டியிருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி இன்ஹேலரை எடுக்க வேண்டியதாயிற்று. டார்ச் அக்கா நடுவீட்டில் நின்று அழுதாள். பாட்டில் போன துக்கம் என்று நாத்தனார் நினைத்துக்கொண்டாள்.

புளிக்கிற சரக்கு மூச்சுவிட வழி வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டு படித்தாள். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குகிற நுரை கண்ணுக்குத்தான் அழகு, ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் என்று தெரிந்தது. முதலில் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகு வினிகர் என்று முறை வைத்தாள். தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி ஆறவைத்து ஒரு பூச்சு செய்தாள். நாளெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்து விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்த நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"இதைத் தின்னணுமா, பூசணுமா அண்ணி? இல்ல, இதுவும் வெடிக்குமா?"

"பூசிட்டுச் சொல்லு."

பூசினாள். வெடிப்பு ஆறிய பிறகும் வாய் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. டப்பா காலியானதும் கவுண்டர் துவாரம் வழியாகக் கையை மட்டும் நீட்டினாள். டார்ச் அக்கா அதில் இன்னொரு டப்பாவை வைத்தாள்.

கேன்டீன்காரரின் தொண்டைக் கட்டுக்கு இஞ்சிச் சாறும் தேனும், ஆபரேட்டரின் கழுத்து வலிக்குச் சூடான உப்பு ஒத்தடம் என்று அவள் வைத்தியமும் வளர்ந்தது. ஆனால் ஒன்றில் கறாராக இருந்தாள். மூச்சு இழுத்தால் தன் சரக்குக்கு அங்கே வேலையில்லை, முதலில் இன்ஹேலர், அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரம்மா என்பாள். வீட்டு மருந்தால் எல்லாம் தீரும் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே வெட்டிவிடுவாள்.

தியேட்டருக்குப் பக்கவாட்டில், வெளியேறும் வழிக்கும் மதிலுக்கும் நடுவே யாரும் எட்டிப்பார்க்காத ஒரு சந்து இருந்தது. கேன்டீனின் காலி எண்ணெய் டின்களில் மண் நிரப்பி அங்கே அவரையும் தக்காளியும் வைத்தாள். மிச்சம் மீதி பாப்கார்னையெல்லாம் மக்கவைத்து உரமாகப் போட்டதில் முதல் செடிகள் அத்தனையும் கருகிப்போயின. பாப்கார்னில் இருந்த உப்பு வேரைத் தின்றுவிட்டது என்று பிறகுதான் உறைத்தது. அடுத்த முறை காப்பிச் சக்கையும் காய்கறித் தோலும், கிழித்துப் போட்ட டிக்கெட் துண்டுகளும் மட்டும்தான். தோல்வியடைந்த படங்களின் டிக்கெட் சீக்கிரம் மக்குகிறது என்று ஆபரேட்டர் சொன்னார். அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி மொய்த்தபோது, சோப்புக் கட்டியைச் சீவித் தண்ணீரில் கரைத்து இலையின் அடிப்பக்கமாகத் தெளித்தாள். வெயில் ஏறுவதற்கு முன் தெளித்துவிட்டு, பிறகு வெறும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும் என்பதும் ஒரு கொடியைப் பலி கொடுத்துப் படித்த பாடம்தான். கொடி மதிலேறிப் பூத்தது.

அந்தத் தெம்பில்தான் முதலாளியிடம் போய், தியேட்டர் முழுவதையும் இனி நானே என் சரக்கை வைத்துக் கழுவுகிறேன், என் வீட்டுக்காரர் ஃபினாயில் நெடியில் வேலை பார்க்க முடியவில்லை என்று கேட்டாள். முதலாளி சரி என்றார். மறுநாளே, வாசலில் இருந்த சலவைக்கல் படிகளைப் புளித்த ஆரஞ்சுத் தண்ணீரால் ஆசை ஆசையாகத் துடைத்தாள். காய்ந்த பிறகு பார்த்தால், பளிங்காக மின்னிக்கொண்டிருந்த படிகள் சாம்பல் பூத்துப் போயிருந்தன. புளிப்பு சலவைக்கல்லைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாது. முதலாளி வந்து பார்த்தார். படியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். ஏறி உள்ளே போய்விட்டார். ஆனால் மழை நாளில் அந்தப் படியில் வழுக்கி விழுகிறவர்கள் அதன் பிறகு இல்லாமல் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து, ஆட்கள் விழக் கூடாது என்று தானே சொரசொரப்பாக்கச் சொன்னதாக முதலாளி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பெரிய கடைத்தெருவில் புதிதாக மூன்று திரை கொண்ட ஒரு சினிமா திறந்தது. கூட்டம் அங்கே போய்விட்டது. இங்கே வருகிறவர்களும் இடைவேளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். உள்ளே ஒரு முடை நாற்றம். வருஷக்கணக்காக ஃபினாயிலுக்கு அடியில் பதுங்கியிருந்த நாற்றம். ஃபினாயிலை நிறுத்தியதும் வெளியே தலைகாட்டியது. டார்ச் அக்காவின் தண்ணீர்தான் நாறுகிறது என்றுகூடச் சிலர் பேசினார்கள். ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மரச்சாமான் வியாபாரி இந்த இடத்தைக் கிடங்காகக் கேட்கிறார், கொடுத்துவிடப் போகிறேன் என்றார். வியாபாரி வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கையெழுத்து.

டார்ச் அக்காதான் எழுந்தாள்.

"அவர் வர்ற வரைக்கும் தியேட்டரை எங்கிட்ட விடுங்க முதலாளி. காட்சி வேண்டாம். சாவி மட்டும் குடுங்க."

"இத்தனை நாளா கழுவிட்டுத்தானே இருக்கே?"

"மேலாகத்தான் கழுவினேன். நாத்தம் அடியில இருக்கு. எங்கேன்னு கண்டுபிடிக்கணும்."

முதலாளி சாவியை மேஜைமேல் வைத்தார்.

எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டு இரண்டு நாள் தேடினார்கள். நாத்தனார் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து முகர்ந்து, எல்லா நாற்காலியும் ஒரே மாதிரிதான் நாறுகிறது என்று தீர்ப்புச் சொன்னாள். நாற்றத்திலேயே வருஷக்கணக்காக வாழ்ந்த மூக்குகள் அவை, எதையும் பிரித்தறியாது. கடைசியில் கண்டுபிடித்தது மூக்கு அல்ல. டார்ச் அக்கா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஆபரேட்டர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பின் வரிசையிலிருந்து மெதுவாக முன்னால் நடந்துவந்தார். நடு வரிசை வரை ஒன்றும் இல்லை. திரைக்கு அருகே வந்ததும் நெஞ்சில் கை வைத்து நின்றார்.

"இங்கதான். இங்க மூச்சு பிடிக்குது."

அவரை உடனே வெளியே வெயிலில் கொண்டுபோய் உட்காரவைத்து, இன்ஹேலரைக் கையில் கொடுத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு உள்ளே வந்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு முன்பக்கத் தரைவிரிப்பின் ஓரத்தைக் கத்தியால் கீறித் தூக்கினாள். அடியில் இருந்த பஞ்சு கறுப்பாக, ஈரமாக, பூசணம் பிடித்துக் கிடந்தது. ஏசிக் குழாய் ஒன்று சுவருக்குள் கசிந்து கசிந்து எத்தனையோ வருஷமாக அங்கே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல்தான் இத்தனை ஃபினாயிலும் ஊற்றியிருக்கிறார்கள். புண்ணுக்குப் புனுகு பூசிய கதை.

அதற்குப் பிறகு நடந்தது வேலை அல்ல, படையெடுப்பு. விரிப்பை உருட்டி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். குழாய்க் கசிவை அடைக்க ஆள் வந்தது. நாற்காலி மெத்தைகளையெல்லாம் கழற்றி வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் பரப்பினார்கள்; போகிற வருகிறவர்கள் தியேட்டரைத்தான் காயவைக்கிறார்களோ என்று நின்று பார்த்தார்கள். காய்ந்த மெத்தைகளின்மேல் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு, மறுநாள் தட்டித் தட்டித் தூசி உறிஞ்சும் மெஷினால் இழுத்தார்கள். மேடைப் பலகையில் பூசணம் இருந்த இடத்தில் வினிகர். வாசல் சலவைக்கல் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை. பித்தளைக் கைப்பிடிகளுக்கு உப்பும் மாவும் வினிகரும் குழைத்த பசை. கேன்டீன்காரர் கேட்காமலேயே வந்து அதைத் தேய்த்தார். கறுத்துப்போய்க் கிடந்த கைப்பிடிகள் பித்தளைதான் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம். கடைசியில் திரை ஒன்றுதான் பாக்கி. அதில் எந்தத் தண்ணீரும் படக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஏணி போட்டு ஏறி மென்மையான தூரிகையால் டார்ச் அக்காவே துடைத்தாள். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது.

முடிந்ததும் ஆபரேட்டரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் பின்னாலிருந்து நடந்துவந்தார். நடு வரிசை தாண்டினார். முன் வரிசை தாண்டினார். திரையைத் தொடுகிற தூரத்தில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து விட்டார். இன்னொரு தடவை இழுத்தார். டார்ச் அக்கா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி, மாடிக்குப் போய்ப் படத்தைப் போடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

முதல் காட்சிக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தாள், அவள் மகளுக்கு மூச்சிழுப்பு. புது சினிமாவில் தெளிக்கிற சென்ட் நெடி தாங்காமல் பாதிப் படத்தில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். இங்கே குழந்தை முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டதாம். அடுத்த காட்சிக்கு அந்த டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் தங்கள் வீட்டாரைக் கூட்டிவந்தார்கள். வயதானவர்கள் வந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். உள்ளே என்ன வாசனை என்று கேட்டால் ஒரு வாசனையும் இல்லை என்று ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். சந்திலிருந்த அவரைப் பூக்களைப் பார்க்கவும் இடைவேளையில் ஒரு கூட்டம். சோப்புத் தண்ணீர் எப்படிக் கலப்பது, தோலை எத்தனை நாள் ஊறவைப்பது என்று கேட்டவர்களுக்கெல்லாம் டார்ச் அக்கா நின்று நிதானமாகச் சொன்னாள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் பக்கத்துப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள் என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொன்னாள்.

வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்துவந்தார். வாசலில் முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வந்திருப்பதாக வியாபாரி நினைவூட்டினார்.

"இப்ப கை ஒழியல சார்," என்றார் முதலாளி. "டிக்கெட் இருந்தா உள்ளே போங்க. இல்லேன்னா அந்த வரிசையில நில்லுங்க."

வரிசையில் நின்றவருக்கும் கடைசியில் டிக்கெட் கிடைக்கவில்லை. சாமான் அறையில் ஒட்டடைக்கு நடுவே கிடந்த 'அரங்கு நிறைந்தது' பலகையை நாத்தனார் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணியின் ஆரஞ்சுத் தண்ணீரால் அழுத்தித் துடைத்து, கவுண்டர் மேல் தன் கையாலேயே மாட்டினாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அண்ணி சரக்கு பரவாயில்லை என்று கேன்டீன்காரரிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்க டார்ச் அக்கா அங்கே இல்லை. அவள் உள்ளே, கடைசியாக வந்தவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் அணைந்தன. விளம்பரம் வர வேண்டிய இடத்தில், யாரிடமும் சொல்லாமல் ஆபரேட்டர் தன் கையால் எழுதிய ஒரு ஸ்லைடைப் போட்டார். இந்த அரங்கை இப்படிச் சுத்தமாக்கியவர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார், திரும்பிப் பாருங்கள் என்று திரை முழுக்க எழுத்து.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு தலை திரும்பியது, இன்னொன்று திரும்பியது. அப்புறம் அத்தனை வரிசையும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது. யாரோ கைதட்டினார்கள். அது முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரை மழை போல் வந்து இறங்கியது. டார்ச் அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாடியில் படம் வருகிற துவாரத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கே இருந்து ஒரு கை அசைந்தது. நெஞ்சு நிறைந்து, கண் மங்கி, தலை நிமிர்ந்து நின்றாள். கைதட்டல் ஓய்கிற வழியாக இல்லை. கடைசியில் கையிலிருந்த டார்ச்சைத் தூக்கி, எல்லோர் தலைக்கும் மேலாகத் திரையின்மேல் வெளிச்சத்தை அடித்தாள்.

"போதும், போதும். அந்தப் பக்கம் பாருங்க, படம் போடப்போறாரு."